மர்ஃபிகள் எல்லோரும் ஒரே குலமா?

வாசகர் கேள்வி, 11 மார்ச் 2024

சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் இந்த ஆண்டு கிலியன் மர்ஃபிக்குக் கிடைத்திருக்கிறது. அயர்லாந்தின் மர்ஃபி குலம் முழுவதும் ஒரே அரசனின் வழியில் வந்தது, கடற்போர் வீரர்களின் பரம்பரை என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். அப்படியானால் ஹாலிவுட் நடிகர் எடி மர்ஃபியும் கிலியன் மர்ஃபியும் பங்காளிகளா? அயர்லாந்தில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள்.

11 மார்ச் 2024, இரவு

பங்காளிகள் இல்லை. ஒரே குலமும் இல்லை. நான் 11 ஆண்டுகளாக வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்தில் செவிலியாக இருக்கிறேன். எங்கள் வார்டில் ஒரு மர்ஃபியாவது படுத்திருக்காத நாள் கிடையாது.

பெயரின் பொருளைக் காணொளியில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஐரிஷ் மொழியில் 'முயிர்' என்றால் கடல், 'கஹ்' என்றால் போர். இரண்டும் சேர்ந்து 'முரஹா' என்ற ஆண்பெயர் ஆயிற்று. ஆனால் அது வெறும் ஆள்பெயர். வெற்றிவேல் என்று பெயர் வைத்தவர் எல்லாம் வேல் எடுத்துப் போருக்குப் போனாரா? முரஹா என்ற பெயரும் அப்படித்தான். அயர்லாந்தில் ஊருக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் இருந்தது. 1014-இல் க்ளான்டார்ஃப் போரில் இறந்த பிரையன் போரு அரசரின் மகனுக்கும் அதே பெயர்தான். அவருக்கும் இன்றைய மர்ஃபிகளுக்கும் தொடர்பு கிடையாது.

'ஓ' என்றால் பேரன், வழித்தோன்றல். 'மாக்' என்றால் மகன். ஒரு முரஹாவின் பேரப்பிள்ளைகள் 'ஓ முரஹா' ஆனார்கள். நம் பக்கத்தில் 'முருகன் வகையறா' என்று சொல்வோமே, அது போல. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு முருகன் இருந்து, ஒவ்வொருவருடைய பேரன்களும் தங்களை முருகன் வகையறா என்று சொல்லிக்கொண்டால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. வெக்ஸ்ஃபோர்டில் ஒரு முரஹா வகையறா, கார்க் மாவட்டத்து மஸ்கெரியில் ஒன்று, ஸ்லைகோவில் ஒன்று, ரோஸ்காமனில் ஒன்று. வடக்கே டைரோன், அர்மா பக்கத்தில் 'ஓ' இல்லாமல் 'மாக்' போட்ட வேறொரு வகையறா. ஆங்கிலத்தில் எழுதும்போது எல்லோரும் மர்ஃபி ஆகிவிட்டார்கள்.

கிலியன் மர்ஃபி கார்க்காரர். எடி மர்ஃபி அமெரிக்கக் கறுப்பர். அவரைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

12 மார்ச் 2024

எத்தனை மர்ஃபிகள் என்று கேட்கிறீர்கள். ராபர்ட் மேத்தசன் என்ற பதிவுத்துறை அதிகாரி 1890-ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளை வைத்துக் கணக்குப் போட்டார். மர்ஃபிகள் சுமார் 62,600 பேர், முதலிடம். கெல்லிகள் 55,900. சல்லிவன்கள் 43,600. இன்றும் மர்ஃபிக்குத்தான் முதலிடம்.

எண்ணிக்கையே ஒரு சாட்சி. ஒரே வேரிலிருந்து முளைத்த பெயர் இவ்வளவு பரவுவது அரிது.

15 மார்ச் 2024

"அரசன் கதை முழுப் பொய்யா?" என்று மதுரையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். முழுப் பொய் இல்லை. அயர்லாந்தின் கிழக்குப் பகுதியான லென்ஸ்டரின் அரசன் டெர்மட் மாக்மரோவின் பெயரிலும் அதே முரஹா இருக்கிறது. ஐரிஷில் அவர் 'மாக் முரஹா'. 1166-இல் நாட்டை விட்டுத் துரத்தப்பட்டு, இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியிடம் உதவி கேட்டுப் போனவர். 1169-இல் வெக்ஸ்ஃபோர்டின் பானோ விரிகுடாவில் நார்மன் படை இறங்கியது அவர் அழைத்துத்தான். அடுத்த ஆண்டு வந்த நார்மன் தலைவன் ஸ்ட்ராங்போவுக்குத் தன் மகள் ஈஃபாவைக் கட்டிக்கொடுத்தார். அயர்லாந்துக்காரர்கள் அவரை இன்னும் மன்னிக்கவில்லை. எட்டப்பன் பெயரை நாம் எப்படி உச்சரிக்கிறோமோ அதே தொனியில் டெர்மட் பெயரை இங்கே உச்சரிப்பார்கள்.

குடும்பப் பெயர் எப்படி உறைந்தது என்பதற்கும் அவர்தான் நல்ல உதாரணம். 'மாக் முரஹா' என்றால் முரஹாவின் மகன். ஆனால் அவருடைய தந்தையின் பெயர் டொன்ஹா! 1115-இல் டப்ளின்காரர்கள் கொன்றார்களே, அந்த டொன்ஹா. நாயோடு சேர்த்துப் புதைத்தார்கள் என்று கதை உண்டு. முரஹா என்பவர் டெர்மட்டுக்குத் தாத்தா. அதாவது டெர்மட் காலத்திலேயே 'மகன்' என்ற சொல் தன் நேர்ப்பொருளை இழந்து குடும்பப் பெயராகிவிட்டது. வெக்ஸ்ஃபோர்ட் மர்ஃபிகளும் இந்தத் தாத்தாவின் வழிவந்தவர்கள்தான்.

16 மார்ச் 2024

"பிரையன் போரு எல்லோரும் குடும்பப் பெயர் வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார், அதிலிருந்துதான் தொடங்கியது" என்று எழுதியவருக்கு: அது பிற்காலத்துக் கட்டுக்கதை. பிரையன் தீவு முழுவதற்கும் அரசராக ஏற்கப்பட்டது 1002-இல். மேற்கு அயர்லாந்தின் கானாக்ட் பக்கத்தில் ஆய்ன் என்ற சிறு நாட்டின் தலைவன் ஒருவன் 'ஓ கிளேரி' என்ற பெயரோடு இறந்த செய்தி 916-ஆம் ஆண்டிலேயே ஆண்டுக்குறிப்புகளில் இருக்கிறது. பிரையனுக்கே குடும்பப் பெயர் கிடையாது. அவருடைய பேரன் காலத்தில்தான் 'ஓ பிரையன்' வந்தது.

20 மார்ச் 2024

நேற்று இரவுப் பணியில் நடந்ததை எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பெயர் விவகாரத்தை நான் ஏன் இவ்வளவு தூரம் இழுக்கிறேன் என்பதற்கு அதுதான் காரணம்.

ஒரே வார்டில் மூன்று மேரி மர்ஃபிகள். மூவரும் 80 வயதுக்கு மேல். இருவருடைய பிறந்த தேதிக்கு இடையே 9 நாள்தான் வித்தியாசம். இரத்தப் பரிசோதனை முடிவு ஒன்று ஒருவருடைய கோப்பிலிருந்து மற்றவருடைய கோப்புக்குப் போய்விட்டது. பொட்டாசியம் அளவு கூடியிருந்தது. மருந்தை எடுத்துக்கொண்டு படுக்கைக்குப் போனேன். கைப்பட்டையைத் திருப்பிப் பிறந்த தேதியைப் படித்தேன். பொருந்தவில்லை. மருந்து கொடுக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விடியும்வரை என் கை நடுக்கம் நிற்கவில்லை.

காலையில் அந்த அம்மாளிடம், "உங்கள் பெயரில் இன்னும் இருவர் இருக்கிறார்கள்" என்றேன். அவர் பதறவே இல்லை. தன் கிராமத்தின் பெயரைச் சொன்னார். கிராமம் என்றுகூடச் சொல்ல முடியாது, நாலு வயலும் ஆறு வீடும் கொண்ட துண்டு நிலம். பிறகு தன் தந்தையின் பெயரைச் சொன்னார். "அந்த மர்ஃபி நான்" என்றார். அவர் பிறந்து வளர்ந்த இடத்தில் மர்ஃபி என்று சொன்னால் யாரையும் குறிக்காது. நிலத்தின் பெயரையும் அப்பாவின் பெயரையும் சேர்த்தால்தான் ஆள் கிடைப்பார்.

அயர்லாந்தில் இப்படிப் பெயரிடப்பட்ட துண்டு நிலங்கள் 60,000-க்கு மேல் இருக்கின்றன. ஐரிஷ் பேசும் ஊர்களில் இன்றும் ஒருவரைக் குறிக்கக் குடும்பப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். அவர் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் என்று மூன்றையும் கோத்துச் சொல்வார்கள். தலைப்பெழுத்தோடு வளர்ந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

2 ஏப்ரல் 2024

மார்ச் 15-ஆம் தேதிக் குறிப்பின் கடைசி வரி தவறு. இங்கே சுற்றுலாப் பலகைகளிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது, நானும் எழுதிவிட்டேன். இரண்டு வாரம் படித்த பிறகு திருத்துகிறேன்.

டெர்மட்டின் வழியும் வெக்ஸ்ஃபோர்ட் மர்ஃபிகளின் வழியும் வேறு வேறு. இரண்டும் ஏன்னா கென்செலக் என்ற மிகப் பழைய முன்னோனிடமிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் வழிகள். அவனுடைய பிள்ளைகளில் ஃபெல்மெத் என்பவனின் வழி 'ஈ ஃபெல்மெத்தா'. மர்ஃபிகள் அந்த வழி. டெர்மட் இன்னொரு பிள்ளையின் வழி. இரண்டு பக்கத்திலும் ஆளுக்கொரு முரஹா இருந்திருக்கிறார். பெயர் ஒன்றாக இருந்ததால் பின்னால் வந்தவர்கள் இரண்டு முரஹாக்களையும் ஒருவராக்கிவிட்டார்கள். மர்ஃபிகளும் மாக்மரோக்களும் பல நூற்றாண்டுகளுக்கு முன் பிரிந்த தூரத்துப் பங்காளிகள், அவ்வளவுதான்.

டெர்மட்டின் சொந்தப் பிள்ளைகளோ மர்ஃபியாகவே இல்லை. ஒரு மகன் டோனல், புனித கவான் பெயரால் அமைந்த மடத்தில் வளர்ந்ததால் 'கவனா' என்று அழைக்கப்பட்டான். இன்றைய கவனாக்கள் அவன் வழி. ஓவும் இல்லாமல் மாக்கும் இல்லாமல் ஒரு பட்டப்பெயரே குடும்பப் பெயரானது ஐரிஷில் அபூர்வம். இன்னொரு மகன் ஏன்னாவின் கண்களை எதிரிகள் பிடுங்கினார்கள். கின்செல்லாக்கள் தங்களை அவன் வழி என்பார்கள். என் மேற்பார்வையாளர் ஒரு கவனா, எங்கள் வார்டு மருத்துவர் ஒரு கின்செல்லா. 850 ஆண்டுகளுக்கு முன் இருவருக்கும் ஒரே தாத்தா என்று அவர்களிடம் சொன்னேன். மருத்துவர் உடனே, "அப்படியானால் விடுமுறைப் பட்டியலில் எனக்குச் சலுகை உண்டா?" என்று கேட்டார்.

9 ஏப்ரல் 2024

ஒரு சின்னச் செய்தி, தமிழ் தெரிந்தவர்களுக்குப் பிடிக்கும். 'ஓ முரஹா'வின் இன்றைய வடிவம் 'ஓ முரஹூ'. ஐரிஷில் ஆண் 'ஓ முரஹூ' என்றால் அவருடைய தங்கை 'நீ வுரஹூ'. மனைவி 'ஈ வுரஹூ'. முன்னால் வரும் சொல்லால் 'மு' நெகிழ்ந்து 'வு' ஆகிறது. நமக்குப் புணர்ச்சி போல, அவர்களுக்கும் சொல் சேரும் இடத்தில் எழுத்து மாறும். ஆனால் நமக்குப் பெரும்பாலும் சொல்லின் கடைசியில் மாறும், அவர்களுக்கு முதல் எழுத்தே மாறிவிடும்.

இங்கு வந்த புதிதில் 'வுரஹூ' என்று உரக்கக் கூப்பிட்ட பெயரின் கோப்பை எந்த எழுத்தில் தேடுவது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். கணினி அதை 'நீ'-யின் கீழ் வைத்திருந்தது. அண்ணன் ஓர் எழுத்தில், தங்கை வேறோர் எழுத்தில்.

21 ஏப்ரல் 2024

'ரஹூ' எப்படி 'ர்ஃபி' ஆயிற்று, 'ஓ' எங்கே போயிற்று? டொராண்டோவிலிருந்து எழுதிய அக்கா கேட்டது இது.

தொண்டையிலிருந்து வரும் அந்த 'ஹ' ஒலி ஆங்கிலேயர் நாக்கில் நிற்காது. அவர்கள் மொழியிலேயே அந்த ஒலி இருந்தது. பிறகு சில சொற்களில் அழிந்தது, சில சொற்களில் 'ஃப்' ஆயிற்று. சிரிப்பதைக் குறிக்கும் அவர்களுடைய சொல்லின் கடைசி ஒலியைக் கவனியுங்கள். எழுத்து ஒன்று, உச்சரிப்பு 'ஃப்'. முரஹூவுக்கும் அதே கதி. முதலில் மொரோஹோ, மோர்ஹோ, மரோ என்றெல்லாம் எழுதினார்கள். கடைசியில் மர்ஃபி நிலைத்தது. திருவல்லிக்கேணியை டிரிப்ளிகேன் ஆக்கிய அதே பேனாக்களின் வேலை.

'ஓ'வை ஆங்கிலச் சட்டம் பிடுங்கியது. நான்காம் எட்வர்ட் காலத்தில், 1465-இல், ஐரிஷ்காரர்கள் ஆங்கிலக் குடும்பப் பெயர் வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. ஊர்ப்பெயர், நிறத்தின் பெயர், தொழிலின் பெயர், பதவியின் பெயர் என்று எதையாவது வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

28 ஏப்ரல் 2024

மேலே எழுதியதை இரண்டு முறை படித்தேன். கோபத்தில் எழுதியது, கோபம் நியாயம்தான், ஆனால் காரணம் சரியில்லை.

அந்த 1465 சட்டம் டப்ளின், மீத், லௌத், கில்டேர் என்ற நாலு மாவட்டங்களில் இருந்த ஐரிஷ்காரர்களுக்குத்தான். வெக்ஸ்ஃபோர்ட் மர்ஃபியையோ கார்க் மர்ஃபியையோ அது தொடவில்லை. 'ஓ' உதிர்ந்தது பெரும்பாலும் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில். அப்போது யாரும் 'ஓ'வை எடு என்று கட்டளையிடத் தேவையே இருக்கவில்லை. இங்கிலாந்தின் கிராம்வெல் படை 1649-இல் வந்து போன பிறகு நிலம் கைமாறிவிட்டது. குத்தகைச் சீட்டு ஆங்கிலத்தில், நீதிமன்றம் ஆங்கிலத்தில், பண்ணையாரின் கணக்கர் ஆங்கிலேயர். 'ஓ' என்று சொன்னாலே பழைய வகையறாவின் ஆள் என்று தெரிந்துவிடும். வேலை வேண்டியவர் அதைச் சொல்லாமல் விட்டார். அவர் சொன்னாலும் கணக்கர் எழுதாமல் விட்டார். ஒரு தலைமுறை இப்படிப் போனால் போதும், பேரனுக்கு அப்படி ஓர் எழுத்து இருந்ததே தெரியாது.

சட்டத்தைத் திருப்பிக்கொள்ளலாம், இதை எப்படித் திருப்புவது? 1893-இல் ஐரிஷ் மொழியை மீட்கக் கேலிக் லீக் என்ற அமைப்பு தொடங்கிய பிறகு சல்லிவன்களும் கானர்களும் 'ஓ'வை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். மர்ஃபிகள் மட்டும் சேர்க்கவே இல்லை. ஐரிஷில் எழுதினால் 'ஓ முரஹூ', ஆங்கிலத்தில் எழுதினால் வெறும் மர்ஃபி. 'ஓ'மர்ஃபி' என்று ஒருவரும் கிடையாது.

மேற்குறியைப் பற்றிக் கேட்டவருக்கு: 'ஓ'வுக்குப் பக்கத்தில் போடும் அந்தக் குறி ஆங்கில எழுத்தர்கள் போட்டது. ஐரிஷில் அது நெடில் குறி, எழுத்தின் தலையில் இருக்கும். அதைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டார்கள். எங்கள் மருத்துவமனைக் கணினி அந்தக் குறியைக் கண்டால் தேடலையே நிறுத்திவிடும். ஓ'பிரையன் குடும்பங்கள் அத்தனை பேரும் இதனால் வரவேற்பு மேசையில் காத்திருக்கிறார்கள்.

27 மே 2024

இன்று திங்கள், விடுப்பு. வெக்ஸ்ஃபோர்டின் ஊலார்ட் குன்றுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன்.

1798-இல் இதே தேதியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, இந்தக் குன்றின் மேல் ஆங்கில ஆட்சிக்கு எதிராக ஈட்டி ஏந்திய உழவர்கள் அரசின் வட கார்க் படையிலிருந்து வந்த ஒரு பிரிவைக் கிட்டத்தட்ட முழுவதுமாக வீழ்த்தினார்கள். தலைமை தாங்கியவர் ஒரு பாதிரியார், ஜான் மர்ஃபி. முதல் நாள் இரவுதான் பூலவோக் ஊரில் அவருடைய தேவாலயத்தைக் கொளுத்தியிருந்தார்கள். ஜூன் 21-இல் வினிகர் குன்றில் கிளர்ச்சி தோற்றது. ஜூலை 2-இல் கார்லோ மாவட்டத்து டல்லோவில் அவரைத் தூக்கிலிட்டார்கள். மைக்கேல் மர்ஃபி என்று இன்னொரு பாதிரியார், ஜூன் 9-இல் ஆர்க்லோ சண்டையில் விழுந்தவர். இருவரையும் ஒருவர் என்று நினைப்பவர்கள் இங்கேயே உண்டு.

குன்றின் மேல் ஒரு நினைவிடம் இருக்கிறது. புல் மூடிய மண்மேட்டை நடுவில் நேராக அறுத்துப் பிளந்தது போல. உள்ளே நுழைந்தால் இரு பக்கமும் சுவர், எதிரே ஒரு கீற்று வானம். சூரிய ஒளி அந்தப் பிளவின் வழியே பாயும்படி வைத்திருக்கிறார்கள். உள்ளே காற்று நின்றுவிடுகிறது. தொலைவில் ஒரு டிராக்டர் சத்தம் மட்டும் கேட்டது.

அங்கே நின்றபோதுதான் தோன்றியது. கீழே தெரிந்த வயல்கள்தான் ஈ ஃபெல்மெத்தாவின் பழைய நிலம். ஆங்கிலேயர் ஆவணங்களில் இந்தப் பகுதியையே 'மரோக்கள்' என்று எழுதினார்கள், வகையறாவின் பெயரே நிலத்துக்குப் பெயர். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் அது பெரும்பாலும் பறிபோனது. ஊலார்ட்லீயில் இருந்த ஒரு கிளை மட்டும் நெடுங்காலம் நிலத்தைக் காத்துக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தக் கிளையினர் மர்ஃபியை விட்டுவிட்டு 'ஓ மோர்ஹோ' என்ற பழைய வடிவத்துக்கே திரும்பினார்கள். மற்ற மர்ஃபிகள் தங்கள் முன்னோரின் மண்ணிலேயே குத்தகைக்காரர்களாக உழுதார்கள். ஈட்டி எடுத்தவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

8 ஜூன் 2024

'ஓ'மர்ஃபி ஒருவரும் கிடையாது' என்றேன். ஒருவர் பிடித்துவிட்டார். பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயியின் காதலி மரி-லூயிஸ் ஓ'மர்ஃபி, 1737-இல் ரூவான் நகரில் பிறந்தவர், ஐரிஷ் வம்சாவளி. ஓவியர் பூஷே வரைந்த பெண் என்று கலை வரலாற்றில் பேசப்படுபவர். ஏற்கிறேன். 'அயர்லாந்தில் காண்பது மிக அரிது' என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

9 ஜூன் 2024

மர்ஃபி ரேடியோ பற்றி ஐந்து பேர் கேட்டுவிட்டீர்கள். அது இங்கிலாந்தில் ஃபிராங்க் மர்ஃபி என்பவர் கூட்டாளி ஒருவரோடு 1929-இல் தொடங்கிய நிறுவனம். எங்கள் வீட்டிலும் இருந்தது. விரலை வாயில் வைத்திருக்கும் அந்தக் குழந்தையின் படம் போட்ட நாள்காட்டி அம்மாவின் தையல் இயந்திரத்துக்கு மேலே தொங்கியது. நான் அறிந்த முதல் மர்ஃபி அந்தக் குழந்தைதான்.

14 ஜூலை 2024

குலச்சின்னம் வாங்கப் போகிறேன் என்று எழுதியவரே, பணத்தை வீணாக்காதீர்கள். கடைகளில் கோப்பை, சாவி வளையம், துண்டு என்று எல்லாவற்றிலும் அச்சடித்து விற்கும் மர்ஃபி சின்னம் (நெற்கட்டு போன்ற தானியக் கட்டுகள், சிங்கங்கள், 'வீரமும் விருந்தோம்பலும்' என்ற பொருளில் ஒரு லத்தீன் வாசகம்) ஒரு குறிப்பிட்ட ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. ஒரு பெயர் வைத்திருப்பதாலேயே சின்னம் சொந்தமாகாது. வடக்கே அர்மாவின் மாக் முரஹாவுக்கு வெக்ஸ்ஃபோர்ட் தலைவனின் சின்னத்தில் என்ன உரிமை?

விருந்தோம்பல் மட்டும் உண்மை. அதை நான் நேரில் அனுபவிக்கிறேன்.

3 ஆகஸ்ட் 2024

'குலம்' என்ற சொல்லையே நான் முதல் நாளிலிருந்து தயங்கித்தான் எழுதுகிறேன். ஐரிஷில் 'க்ளான்' என்றால் பிள்ளைகள். அந்தச் சொல் லத்தீனில் தளிர், கன்று என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நாம் பரம்பரையைக் 'கொடிவழி' என்கிறோம், 'வாழையடி வாழை' என்கிறோம். கடல் கடந்த இரண்டு மொழிகள் பிள்ளைகளைப் பார்த்ததும் செடியை நினைத்திருக்கின்றன.

ஆனால் கொடிவழி என்றால் ஒரே வேர் வேண்டும். மர்ஃபிக்கு அது இல்லை. பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்துக் கொடிகள் ஒரே வேலியில் ஏறியிருக்கின்றன. வேலியின் பெயர் மர்ஃபி. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒய் குரோமோசோமைச் சோதித்துப் பார்த்த மர்ஃபிகளும் ஒரே கூட்டமாகச் சேரவில்லை, தனித்தனிக் கூட்டங்களாகத்தான் பிரிகிறார்கள்.

22 செப்டம்பர் 2024

முதல் நாள் குறிப்பில் எடி மர்ஃபியை ஒரே வரியில் தள்ளிவிட்டேன். ஆறு மாதமாக அது உறுத்துகிறது.

அமெரிக்கக் கறுப்பர்கள் பலருடைய குடும்பப் பெயர் அடிமை வைத்திருந்தவரின் பெயர், அல்லது விடுதலைக்குப் பின் அவர்களே எடுத்துக்கொண்ட பெயர். எந்தக் குடும்பத்துக்கு எது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஆனால் 'அவர் உண்மையான மர்ஃபி இல்லை' என்ற தொனி என் வரியில் இருந்தது. அந்தத் தொனியைத் திரும்பப் பெறுகிறேன்.

கார்க் மர்ஃபிக்கு மட்டும் இந்தப் பெயர் அவர் விரும்பிய வடிவத்திலா கிடைத்தது? குத்தகைக் கணக்கர் எழுதிக் கொடுத்ததுதானே? 1845-இலிருந்து 1849 வரை அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம். சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பல் ஏறினார்கள். மர்ஃபி என்ற சொல்லையே ஆங்கிலக் கொச்சையில் உருளைக்கிழங்குக்குப் பெயராக்கினார்கள். அந்தப் பெயரை அமெரிக்காவில் சுமந்தவர்களுக்கு அது கடற்போர் வீரனின் பெயராக இருக்கவில்லை. "மர்ஃபியா, வேலை இல்லை, போ" என்று கேட்ட பெயராக இருந்தது. அதே நாட்டில் அதே பெயரை அவர்களைவிடப் பல மடங்கு துன்பத்தோடு சுமந்தவர்கள் கறுப்பர்கள். யார் உண்மையான மர்ஃபி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்?

19 அக்டோபர் 2024

எதிர்வீட்டுப் பெரியவர் ஒரு மர்ஃபி. 84 வயது. தன் குடும்பம் ஊலார்ட் தலைவர்களின் நேர்வழி என்று நம்பிக்கொண்டிருந்தார். அதைச் சோதிக்கலாமா என்று கேட்டேன், சம்மதித்தார். நேற்று மாலை முழுவதும் அவர் சமையலறையில் என் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தோம்.

19-ஆம் நூற்றாண்டின் மக்கள்தொகைக் கணக்குகள் அநேகமாக எதுவும் இல்லை. சிலவற்றை அரசே அழித்தது, மற்றவை 1922-இல் டப்ளின் நீதிமன்ற வளாகத்துத் தீயில் போயின. 1901, 1911 இரண்டும் முழுமையாக இருக்கின்றன, படிவங்களின் படமே இலவசமாகக் கிடைக்கிறது. 1901 படிவத்தில் அவருடைய தாத்தா கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் கார்லோ மாவட்டம். தொழில், பண்ணைக் கூலி.

"கார்லோவா?" என்றார் பெரியவர். கொஞ்ச நேரம் பேசவில்லை. தேநீர் ஆறிவிட்டது, மறுபடி போட்டார்.

1911 படிவத்தில் புதிதாகச் சேர்ந்த கட்டங்களில் இரண்டு. உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை. அந்தப் பாட்டியின் வரிசையில் 9 என்றும் 6 என்றும் எழுதியிருந்தது. பெரியவர் தன் தந்தையின் பெயரைத் திரையில் தொட்டார், 8 வயது. பிறகு விரலை 9-க்கும் 6-க்கும் நகர்த்தினார். "மூன்று பேரைப் பற்றி யாரும் சொன்னதே இல்லை" என்றார்.

பிறப்புப் பதிவுகளைத் தேடினோம். 1864 முதல் இருக்கின்றன. இந்த மாவட்டத்தில் மர்ஃபி என்று தேடினால் பக்கம் பக்கமாக வருகிறது, முரஹாவின் வகையறாவால் ஒரு பயனும் இல்லை. ஆனால் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் உண்டு. பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் கொஞ்சம் அரிதானது, பெரியவருக்கு அது தெரிந்திருந்தது. அதைச் சேர்த்துத் தேடியதும் பட்டியல் சுருங்கியது. ஒன்பது வரிகள் மட்டும் நின்றன. ஆறு பேரை அவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கழித்தார், அத்தைகள், சித்தப்பாக்கள்.

மீதி மூன்று. இரண்டு பெண்கள். மூன்றாவது ஒரு பையன், 1899-இல் பிறந்தவன். அந்தப் பையனின் பெயர் பெரியவரின் பெயரேதான்.

இன்று காலை வந்து, அந்த மூன்று பக்கங்களையும் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தர முடியுமா என்று கேட்டார்.